நடவும் மேய்ச்சலும்: கஸாக்குகளிடையே சபை நடுதல்

மிஷனரி எழுத்துக்களில் 'சபை நடுதல்' என்ற சொல் சாதாரணமாகப் புழங்குகிறது. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபத்தின் பயிர் உவமையிலிருந்து வந்தது அது. உழவர்களிடம் சொன்னால் பொருந்தும். ஆடும் குதிரையும் ஓட்டிக்கொண்டு பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்ந்த கஸாக்குகளுக்கு நடவு என்றால் வேறு நினைவு. 1889 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு ரஷ்ய விவசாயிகள் கலப்பையோடு வந்து இறங்கினார்கள். மேய்ச்சல் நிலம் வயலாயிற்று. 1954இல் குருஷேவின் 'கன்னி நிலம்' திட்டம் வந்தபோதும் அதே கதைதான். கலப்பையும் சிலுவையும் ஒரே வண்டியில் வந்தன என்று ஒரு கஸாக் தேசியவாதி சொன்னால் அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பேசாமல் விட்டால் ஆபத்து.

ரஷ்யப் பேரரசு ஸ்டெப்பி வெளியில் முதலில் ஊக்குவித்தது சிலுவையை அல்ல, பள்ளிவாசலை. நாடோடிகளை அடக்கி ஆள இஸ்லாம் உதவும் என்று கணக்குப் போட்டவர் இரண்டாம் காதரீன். 1788இல் அரசே முஸ்லிம்களுக்கான மதச் சபை ஒன்றை நிறுவியது. தாத்தார் முல்லாக்கள் கஸாக்குகளிடையே அனுப்பப்பட்டார்கள். கஸாக்குகள் அதற்கு முன்பே முஸ்லிம்கள்தாம். ஆனால் அவர்களுடைய இஸ்லாம் முன்னோர் ஆவிகளோடும் புனிதர் சமாதிகளோடும் கலந்து கிடந்தது. அதை ஒழுங்குபடுத்தி, பதிவேட்டில் ஏற்றி, ஆளத்தக்கதாக்கியதில் பேரரசுக்குப் பங்குண்டு.

பிறகு கணக்கு மாறியது. தாத்தாரியர் செல்வாக்கு அளவுக்கு மீறிப் போகிறது என்று அரசு பயந்தது. இங்கேதான் கஸானைச் சேர்ந்த நிகொலாய் இல்மின்ஸ்கி வருகிறார். தாய்மொழியில், ரஷ்ய எழுத்தில் சொல்லிக்கொடு. அரபு எழுத்திலிருந்து பிரித்தால் தாத்தார் முல்லாவிடமிருந்தும் பிரிந்துவிடுவார்கள். சுருக்கமாக இதுதான் அவர் முறை. ஒரென்பர்கில் அவர் பழகிய கஸாக் இளைஞர் இப்ராய் அல்தின்சாரின் (1841-1889). கஸாக் கல்வியின் தந்தை என்று இன்று கொண்டாடப்படுபவர். 1879இல் ரஷ்ய எழுத்தில் கஸாக் பாடநூல் வெளியிட்டார். இல்மின்ஸ்கியின் கருவியை வாங்கிக்கொண்டார். இல்மின்ஸ்கியின் நோக்கத்தை வாங்கிக்கொள்ளவில்லை. 1884இல் அதே அல்தின்சாரின் கஸாக் மாணவருக்கான இஸ்லாமியப் பாடநூலை அரபு எழுத்தில் கொண்டுவந்தார். காலனியம் கொடுத்ததைக் காலனியப்பட்டவன் அப்படியே விழுங்கிவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

வேதம் கஸாக்கில் வந்தது அதற்கும் முன்னால். ஒரென்பர்கில் தங்கிய ஸ்காட்லாந்து மிஷனரிகளின் முயற்சியில் 1820இல் புதிய ஏற்பாடு அஸ்த்ரகானில் அச்சாயிற்று. ஆனால் அந்த மிஷன் நிலைக்கவில்லை. 1880களில் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அல்தாய் மிஷனின் கிளையாக 'கிர்கீஸ் மிஷனை'த் தொடங்கியது. (கொசாக்கோடு குழம்பாதிருக்க ரஷ்யர்கள் கஸாக்குகளைக் 'கிர்கீஸ்' என்றே அழைத்தார்கள். பெயரைக்கூட அவர்களிடம் விடவில்லை.) ஞானஸ்நானம் பெற்றவர்கள் கொஞ்சப் பேர். பெரும்பாலும் மந்தையை இழந்து ரஷ்யக் குடியிருப்புகளின் ஓரத்தில் கூலிக்கு நின்ற ஏழைகள். ஞானஸ்நானம் வாங்கினால் ரஷ்யப் பெயர், ரஷ்யக் கிராமம், ரஷ்ய வாழ்க்கை. சொந்தபந்தம் அவர்களைக் கஸாக்காக எண்ணுவதை விட்டுவிட்டது. 'ஷொகின்டி' என்று ஒரு வசை. ஞானஸ்நானம் வாங்கியவன், அதாவது துரோகி. கஸாக் என்றால் முஸ்லிம், கிறிஸ்தவன் என்றால் ரஷ்யன் என்ற சமன்பாடு இப்படித்தான் இறுகியது.

சோவியத் காலம் இரண்டையும் நசுக்கியது. 1930-33 பஞ்சத்தில் சுமார் 15 லட்சம் பேர் மாண்டார்கள். கஸாக் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதில் போயிற்று. மந்தைகளைப் பிடுங்கி, நாடோடிகளைக் கட்டாயமாகக் குடியமர்த்தியதன் விளைவு அது. 1937இல் கொரியர்கள், 1941இல் வோல்கா ஜெர்மானியர் அங்கே நாடு கடத்தப்பட்டார்கள். பாப்டிஸ்ட், மெனோனைட், லூத்தரன் சபைகள் கரகந்தா நிலக்கரி வட்டாரத்தில் ரகசியமாக உயிர்பிழைத்தன. அவற்றை யாரும் 'நட'வில்லை. தண்டனைக் கைதிகளோடு வந்து ஒட்டிக்கொண்டவை. சொந்த ஊரிலேயே சிறுபான்மையாகிவிட்ட கஸாக்குகள் (1959இல் 30 சதம்) அந்தச் சபைகளுக்கு வெளியேதான் நின்றார்கள்.

1991இல் சுதந்திரம். அமெரிக்காவிலிருந்தும் தென்கொரியாவிலிருந்தும் மிஷனரிகள் வந்தார்கள். இவர்கள் கையில் இருந்த கோட்பாட்டின் மூலம் இந்தியாவில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1897இல் தமோவில் பிறந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் மத்திய இந்தியாவில் மிஷனரியாக இருந்தவர் டொனால்ட் மெக்காவ்ரன். தனி ஆட்களாகச் சேர்த்தால் சபை வளராது, ஜாதி ஜாதியாக வந்தால்தான் வளரும் என்பதை ஒடுக்கப்பட்ட மக்களின் கூட்டு மதமாற்றங்களைப் பார்த்து அவர் முடிவு கட்டினார். 1955இல் 'கடவுளின் பாலங்கள்' என்ற நூலில் அதைக் கோட்பாடாக்கினார். தம் சமூகக் கோட்டைத் தாண்டாமல் கிறிஸ்தவராவதே மனிதருக்கு எளிது என்பது அதன் சாரம். 1974 லொசான் மாநாட்டுக்குப் பிறகு இவாஞ்சலிகல் உலகமே நாடு நாடாக எண்ணுவதை விட்டு 'மக்கள் குழு' குழுவாக எண்ணத் தொடங்கியது. அந்தப் பட்டியலில் கஸாக் ஒரு வரி.

ஒடுக்கப்பட்டவர்கள் ஏன் கூட்டமாக வெளியேறினார்கள்? தனியாகப் போனால் நிலக்காரன் விடமாட்டான் என்பதால். எதிலிருந்து வெளியேறினார்கள்? ஜாதி இழிவிலிருந்து. கோட்பாடு கூட்டத்தை எடுத்துக்கொண்டது, வெளியேற்றத்தைக் கழற்றிவிட்டது. விடுதலைக்கான வழி வளர்ச்சிக்கான உத்தியாயிற்று.

கஸாக்ஸ்தானில் கூட்டம் வரவில்லை. பெரும்பாலும் நகரத்தில் ரஷ்யமொழி பேசி வளர்ந்த இளைஞர்கள் வந்தார்கள். அவர்களிடம், நீ கஸாக்காகவே இருந்துகொண்டு 'ஈசா மசீஹ்'வைப் பின்பற்றலாம் என்று சொல்லப்பட்டது. ஆராதனையில் தோம்ப்ரா வாத்தியம் வந்தது. மத்திய காலத்தில் நைமான், கெரெயித் குலங்களில் கிழக்குத் திருச்சபைக் கிறிஸ்தவம் இருந்தது வரலாறு. நைமான், கெரெய் இன்றும் கஸாக் குலப்பெயர்கள். எங்கள் பாட்டன்மாரும் கிறிஸ்தவர்களே என்று சிலர் அதைக் காட்டி வாதிடுகிறார்கள். 'ஷொகின்டி' என்ற வசைக்குப் பதில் சொல்ல வேறு என்ன செய்வார்கள்? ஆனால் கவனிக்க: கஸாக் ஆன்மா என்று ஒன்று இருக்கிறது, அதற்கு உரிய மதம் ஒன்று இருக்கிறது என்பதை அவர்களும் ஒத்துக்கொண்டுவிடுகிறார்கள். மதம் எது என்பதில் மட்டுமே தகராறு.

அரசும் அதே தர்க்கத்தில்தான் நிற்கிறது. 2011 அக்டோபரில் வந்த சட்டம் உள்ளூர் மதக் குழு ஒன்றுக்கே 50 உறுப்பினர் வேண்டும் என்றது. 2012இல் மறுபதிவு முடிந்தபோது மத அமைப்புகள் 4,551-இலிருந்து 3,088 ஆகக் குறைந்தன. அங்கீகரிக்கப்பட்ட மதப்பிரிவுகள் 46-இலிருந்து 17 ஆக. 'மரபான' மதங்கள் தப்பின. அடிபட்டவை சிறு சபைகள் மட்டுமல்ல, அரசுக்கு அடங்காத முஸ்லிம் குழுக்களும். காதரீனின் பதிவேடு மறுபடி திறக்கப்பட்டது.

மிஷனரியை விமர்சிக்கிறேன் என்று கிளம்பி இந்தச் சட்டத்துக்குக் கைதட்டினால் நாம் பேரரசின் பக்கம் போய்ச் சேர்வோம். சட்டத்தை எதிர்க்கிறேன் என்று மனிதர்களை இன வரிசையில் எண்ணும் கோட்பாட்டுக்குத் துணைபோகவும் வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆள் ஒருவர் இருக்கிறார். வெள்ளிக்கிழமை முன்னோருக்காகத் தாய் ஏழு ரொட்டி சுட்டு வைக்கிறாள். அதைச் சாப்பிடலாமா கூடாதா என்பதில் சபைகளுக்குள்ளேயே ஒருமித்த பதில் கிடையாது. அவர் செத்தால் குலத்தின் இடுகாட்டில் இடம் தர உறவினர் மறுக்கலாம். தந்தாலும் முல்லா ஓதியாக வேண்டும் என்பார்கள். ஏழு தலைமுறைப் பாட்டன் பெயரைச் சொல்லத் தெரிந்தால்தான் கஸாக் என்ற சமூகத்தில், எட்டாவதாக அவர் பெயரைச் சேர்ப்பார்களா மாட்டார்களா என்பதே அவருடைய கவலை. அவர் கஸாக்கா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் சபைக்கும் வேண்டாம், அரசுக்கும் வேண்டாம்.