நூலை அறுத்த நிக்கல்

1953-ம் வருஷம். மேற்கு ஜெர்மனியில் முல்ஹைம் என்ற ஊர். அங்கே ஒரு நிலக்கரி ஆராய்ச்சி நிலையம். பெயரில்தான் நிலக்கரி. அதன் டைரக்டர் கார்ல் சீக்லருக்கு அதில் பெரிய அக்கறை கிடையாது. 1943-ல் பதவிக்குக் கூப்பிட்டபோதே, தனக்குப் பிடித்த எதை வேண்டுமானாலும் ஆராயலாம் என்ற நிபந்தனையோடுதான் வந்தார் மனிதர்.

அவருக்குப் பிடித்த விஷயங்களில் ஒன்று எத்திலீன் வாயு. ஒரு மூலக்கூறில் இரண்டே இரண்டு கார்பன் அணுக்கள். பூ தொடுப்பது மாதிரி, இந்த எத்திலீன்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரக்கணக்கில் கோர்த்தால் பாலிதீன்.

பாலிதீன் அப்போது புதுசு இல்லை. 1933-லேயே இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனியில் கண்டுபிடித்தாகிவிட்டது. இரண்டாம் உலகப்போரில் ராடார் கேபிள்களுக்கு உறை போட்டதும் அதுதான். ஆனால் அதைத் தயாரிக்க, நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேலே வாயுவை அழுத்த வேண்டும். ராட்சத இயந்திரம், ராட்சதச் செலவு!

சீக்லர் வேறு வழியில் போனார். அலுமினியம் கலந்த ஒரு சேர்மத்தை எத்திலீனோடு சேர்த்துச் சூடாக்கினார். அலுமினியம் ஒவ்வொரு பூவாக எடுத்துக் கோர்த்தது. அழுத்தமும் அவ்வளவு தேவைப்படவில்லை. ஒரே குறை, சரம் ஓரளவுக்கு மேல் நீளவில்லை.

அப்போதுதான் வந்தது அந்தக் கோளாறு. ஹோல்ஸ்காம்ப் என்ற ஆராய்ச்சி மாணவர் வழக்கமான அதே சோதனையைச் செய்துவிட்டுக் கலனைத் திறக்கிறார். சரத்தைக் காணோம்! உள்ளே இருந்தது பியூட்டீன். நான்கே கார்பன். அதாவது, இரண்டு பூ கோர்த்த உடனேயே நூல் அறுந்துபோச்சு.

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? கலனைத் தேய்த்துக் கழுவிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம். சீக்லர் குழு அப்படி விடவில்லை. ஏன் அறுந்தது என்று துருவித் துருவித் தேடினார்கள். கடைசியில் குற்றவாளி அகப்பட்டது. கலனில் ஒட்டிக்கொண்டிருந்த, கண்ணுக்கே தெரியாத அளவு நிக்கல்!

துளி நிக்கலுக்கே இத்தனை சக்தி என்றால், வேறு எந்தெந்த உலோகத்துக்கு இந்தக் குணம் உண்டு? இன்னொரு மாணவரான பிரைல், உலோகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போனார். ஸிர்கோனியத்தின் முறை வந்தது. கலனைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று தூள். பாலிதீன்! நூலை அறுக்கும் உலோகத்தைத் தேடிப்போன இடத்தில், அறுக்காமல் கோர்க்கும் உலோகம் கிடைத்துவிட்டது. அடுத்து மார்ட்டின் என்ற உதவியாளர் டைட்டானியத்தைப் போட்டார். இதற்கு அழுத்தமே வேண்டாம். ஒரு சாதாரணக் கண்ணாடி ஜாடி போதும். 1953 நவம்பரிலேயே பேட்டன்ட் மனு போட்டுவிட்டார் சீக்லர்.

அடுத்த வருஷமே இத்தாலியின் ஜூலியோ நட்டா, சீக்லரின் வினையூக்கியை வைத்து பாலிபுரோப்பிலீன் செய்தார். அதற்கான பேட்டன்ட் மனுவும் சீக்லருக்குத் தெரியாமலே போனது. அதோடு நட்பு முறிந்தது. 1963-ல் நோபல் பரிசை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். இன்று நாம் புழங்கும் பிளாஸ்டிக் வாளி, குடம், கயிறு என்று பலவற்றுக்கும் பூர்விகம் இந்த இரண்டு பேரின் வேலையில்தான் இருக்கிறது.

சரி, நிக்கல் என்ன ஆச்சு? கடைசிவரை வில்லன்தானா?

நிக்கலுக்கு பல்லேடியம், பிளாட்டினம் என்று இரண்டு உறவுக்காரர்கள். தனிம அட்டவணையில் மூன்றும் ஒரே வரிசையில், ஒன்றின் கீழ் ஒன்று. பிளாட்டினம் எதையும் லேசில் விடாது. 1827-லேயே டென்மார்க் வேதியியலாளர் ஸைஸ், எத்திலீனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் பிளாட்டின உப்பைத் தயாரித்துவிட்டார். ஜெர்மனியின் பெரிய தலையான லீபிக், அதில் எத்திலீன் இல்லவே இல்லை என்று சண்டைக்கு வந்தார். பிற்பாடு ஸைஸ் பக்கமே நியாயம் என்று ஆனது. ஆனால் வினையூக்கிக்குப் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, விடவும் தெரிய வேண்டும். நிக்கல் சட்டென்று பிடிக்கும், சட்டென்று விடும். சீக்லரின் கலனில் நூல் அறுந்தது அதனால்தான்.

இந்தக் குணத்தை மாற்ற முடியுமா? முடியும் என்று காட்டியவர்களில் ஒருவர், சீக்லருக்குப் பிறகு 1969-ல் அதே நிலையத்தின் டைரக்டரான குன்ட்டர் வில்கே. உலோக அணுவைச் சுற்றி வேறு மூலக்கூறுகளை நிற்க வைக்கலாம். லிகண்ட் என்று பெயர். பியூட்டாடையீன் என்ற பொருளோடு நிக்கலைத் தனியாக விட்டால், 12 கார்பன் உள்ள வளையம் கட்டியது. பக்கத்தில் பாஸ்பரஸ் உள்ள ஒரு லிகண்டை நிறுத்தியதும், 8 கார்பன் வளையத்தோடு நிறுத்திக்கொண்டது. உலோகம் அதேதான். சேர்க்கை மாறியதும் வேலை மாறிவிட்டது!

1995-ல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மாரிஸ் ப்ரூக்ஹார்ட் குழு இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. நிக்கலின் மேலும் கீழும் பருமனான லிகண்டுகளைக் காவலுக்கு வைத்தார்கள். கத்தரி நுழையவே இடமில்லை. எத்திலீனைக் கொடுத்ததும் நிக்கல் கோர்க்க ஆரம்பித்தது. இரண்டோடு நிற்கவில்லை, ஆயிரக்கணக்கில் கோர்த்தது. அதே காவலோடு பல்லேடியத்தை விட்டுப் பார்த்தார்கள். அதுவும் கோர்த்தது. ஆனால் சரமாக இல்லை, மரம் மாதிரி கிளை கிளையாக!

முல்ஹைமில் நூலை அறுத்த அந்த நிக்கலும், சரியான துணை கிடைத்ததும் பாலிதீன் கோர்த்துவிட்டது. 1953-ல் அந்தக் கலனை யாராவது இன்னும் கொஞ்சம் சுத்தமாகக் கழுவியிருந்தால், தேடலே ஆரம்பித்திருக்காது.