கொட்டகை, கொட்டாய், கொட்டக

நெய்யாற்றின்கரையிலிருந்து நாகர்கோவில் போகும் நெடுஞ்சாலையில் வருகிறது பாறசாலை. அதைத் தாண்டினால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். இந்தச் சாலையில் தமிழும் மலையாளமும் மாறி மாறிக் கடன் கொடுத்த சொற்களை எண்ணி மாளாது. அவற்றில் ஒன்று, சினிமா பார்க்கும் இடத்தின் பெயர். தமிழில் கொட்டகை, பேச்சில் கொட்டாய். மலையாளத்தில் கொட்டக.

ஆனால் கொட்டகை முதலில் மனிதருக்காகக் கட்டப்பட்டதல்ல, மாட்டுக்கு. பரோவும் எமனோவும் தொகுத்து 1961-இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் கொட்டகை, கொட்டம், கொட்டில் மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கின்றன. கன்னடத்தின் கொட்டிகெயும் தெலுங்கின் கொட்டாமும் அதே குடும்பம்தான். பசு நிற்கும் இடத்தைக் குறிக்கும் 'கோஷ்ட' என்ற வடசொல்லோடு இதற்கு உறவு உண்டா, உண்டென்றால் யார் யாருக்குக் கொடுத்தது என்பது அறிஞர்களிடையே தீராத வழக்கு.

சுவையான செய்தி வேறிடத்தில் இருக்கிறது. கன்னடர்களுக்குக் கொட்டிகெ என்றால் இன்றும் மாட்டுத் தொழுவம்தான். ஊர் ஊராய் வந்த சினிமாவை அவர்கள் 'டென்ட்' என்றார்கள். தமிழில் மாட்டுக்கொட்டகையும் உண்டு, சினிமாக் கொட்டகையும் உண்டு. மலையாளியின் மாடோ 'தொழுத்'தில் நிற்கும். 'கொட்டக' என்றதும் இன்றைய மலையாளிக்கு நினைவு வருவது நாடகமும் சினிமாவும். ஆக, சொல் அங்கே வேரூன்றியபோது மாடு உடன் வரவில்லை. கூத்தாடிகளோடு போயிருக்க வேண்டும் என்பது ஊகம்தான், ஆனால் வலுவான ஊகம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ்ச் சங்கீத நாடகக் குழுக்கள் கேரளத்தில் பெரும் கூட்டத்தைக் கூட்டின. அந்த மோகத்தில்தான் டி. சி. அச்சுத மேனன் 1892-இல் 'சங்கீத நைஷதம்' எழுதினார். தமிழ் நாடக உலகின் டி. கே. சண்முகம் பிறந்தது திருவனந்தபுரத்தில். ஆளானது சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் குழுவில். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் பிறந்த ஒழுகினசேரி அன்று திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துக்குள் இருந்தது. சிறுவயதில் அவர் நாடகக் கொட்டகையில் சோடாவும் தின்பண்டமும் விற்றிருக்கிறார். பின்னாளில் மேடையேறி அந்தக் கொட்டகைகளையே சிரிக்கவைத்தார். கொட்டகை வேலை என்றால் ராஜபார்ட் வேடம் மட்டுமில்லை, முறுக்குத் தட்டும்தான்.

இதே சொல் கடல் தாண்டியும் போயிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இசை நாடகத்துக்குக் 'கொட்டகைக் கூத்து' என்றொரு பெயர் உண்டு. வட்டக்களரியில் ஆடிய பழைய கூத்திலிருந்து அதைப் பிரித்துக் காட்டியது கூரைதான். அரிச்சந்திரன் வேடத்தில் மயான காண்டத்தை ஆடிப் புகழ்பெற்ற வி. வி. வைரமுத்து இந்த மரபின் பெருங்கலைஞர்.

சினிமா வந்தபோது புதுப் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. ஆயத்தமாக ஒன்று இருந்தது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். கேரளத்துக்கும் போனார். 1907-இல் திருச்சூர்ப் பூரத்தில் படம் காட்டிய காட்டூக்காரன் ஜோசப்புக்குக் கருவி கிடைத்ததும் அவரிடமிருந்தே. படம் எடுப்பதிலும் இதே கொடுக்கல் வாங்கல்தான். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' எடுத்த ஜே. சி. டேனியல், அகஸ்தீஸ்வரம் பகுதியைச் சேர்ந்தவர். மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938-இல் வந்தது. தயாரித்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்.

சினிமாக் கொட்டகையின் ஓலைக்கூரை ஏன் அவ்வளவு காலம் நின்றது? ஏழ்மை ஒரு காரணம், சட்டம் இன்னொன்று. 1955-ஆம் ஆண்டின் சென்னை சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி டூரிங் சினிமாவுக்குக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் உரிமம். கெடு முடிந்தால் பிரித்துக் கட்ட வேண்டும். பிரிக்கப் போகும் கூரைக்கு ஓடு எதற்கு? மூங்கிலும் சவுக்கும் நட்டு, முடைந்த தென்னோலை வேய்ந்து, கீழே மணலைக் கொட்டினால் தியேட்டர் தயார். தரை, பெஞ்ச், சேர் என்று மூன்று வகுப்பு. ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு தடுப்பு. முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளலாம். இந்த வசதி எந்த மல்டிபிளெக்ஸிலும் கிடையாது.

உள்ளே வேலை பார்த்தவர்களுக்கோ இருப்புக்கொள்ளாத இரவுகள். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட வேண்டும். இடைவேளை ஒன்றோடு நிற்காது. சோடாக் கடைக்கு அது யோகம், ஆபரேட்டருக்குப் பதற்றம். வெளிச்சம் தருவது இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரியும் பொறி. குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைத் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கண் அயர்ந்தால் திரை மங்கும், விசில் கிளம்பும். ஒரே படத்தை இரண்டு ஊரில் ஓட்டினால் முடிந்த ரீலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒருவர் அடுத்த ஊருக்கு மிதிப்பார். பகலில் தட்டி கட்டிய வண்டியில் நோட்டீஸ் வீசும் வேலை. கதையைப் பாதி சொல்லி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று நிறுத்தும் நோட்டீஸ். மலையாள நோட்டீஸும் இதே தந்திரத்தைக் கையாண்டது.

ஓலையும் தீப்பொறியும் ஒரே கூரைக்கடியில் இருந்ததற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1979-இல் தூத்துக்குடியில் ஒரு டூரிங் கொட்டகை எரிந்து பலர் மாண்டார்கள். அதன் பிறகு ஓலைக்கூரையை யாரும் பழைய கண்ணால் பார்க்கவில்லை. பிறகு டி.வி. வந்தது, கொட்டகைகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன, மறுபடி கட்டப்படவில்லை.

கூரையே இல்லாத சினிமாவும் வந்தது. அமெரிக்காவில் நியூஜெர்சியின் கேம்டன் அருகே 1933-இல் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் தொடங்கிய, காரில் இருந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன், நாற்பது ஆண்டு கழித்து அகமதாபாத்துக்கும், பின்னர் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 'பிரார்த்தனா'வாக ஈஞ்சம்பாக்கத்துக்கும் வந்து சேர்ந்தது. சென்னைக்காரர்களுக்கு அதற்கு முன்பே அந்தச் சொல் பழக்கம். 1962 முதல் 2008 வரை கதீட்ரல் சாலையில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தின் புண்ணியத்தில் அதற்குக் காபி, தோசை என்று பொருள். ஈஞ்சம்பாக்கத்து டிரைவ்-இன்னுக்குக் கொட்டாய் என்ற பெயர் ஒட்டவில்லை. ஒட்டுவதற்குக் கூரை வேண்டுமே.