இசைக்குறிக்கு மாத்திரை வந்த வரலாறு

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்பதைத் தமிழ் மாணவர் இளமையிலேயே கற்றுக்கொள்கின்றனர். எழுத்தைக் கண்டதும் அதன் அளவு விளங்கிவிடுகின்றது. மேலைநாட்டு இசைக்குறிகளோ இவ்வசதியைப் பெற நெடுங்காலம் காத்திருந்தன.

ஏறத்தாழ 1030ஆம் ஆண்டளவில் இத்தாலியின் அரெசோ நகரோடு பெயர் இணைந்த குயிதோ என்னும் துறவி, கோடுகளின்மீது குறிகளை இட்டு, குரல் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கினார். எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதை அக்குறிகள் உரைக்கவில்லை. அதனால் இடர் விளையவுமில்லை. துறவியர் அனைவரும் ஒரே மெட்டில் பாடினர்; இலத்தீன் சொற்களின் ஓட்டமே அவர்களுக்கு வழிகாட்டியது.

12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசு நகரின் நோத்திர தாம் பேராலயத்தில் நிலைமை மாறியது. லெயோனின், பெரோதின் ஆகியோர் பெயரால் அறியப்படும் பாடல்களில் இரண்டு, மூன்று, ஏன், நான்கு குரல்கள்கூட வெவ்வேறு மெட்டுகளை ஒருசேர இசைத்தன. ஒருவர் ஓர் ஒலியை நீட்டி நிற்கையில் மற்றவர் எத்தனை ஒலிகளைப் பாடி முடிப்பது? அளவு தெரியாவிடில் பாட்டே குலைந்துவிடும். எனவே, நெடிலும் குறிலும் அமையும் முறைகொண்டு ஆறு வாய்பாடுகள் வகுக்கப்பட்டன. நம் தேமா, புளிமா போன்றவை எனலாம். ஆயினும், குறிகள் கூட்டங்கூட்டமாகப் பிணைந்திருக்கும் விதத்தைப் பார்த்தே பாடுவோர் வாய்பாட்டை உய்த்துணர வேண்டியிருந்தது.

13ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கொலோன் நகரப் பிராங்கோ எழுதிய இசையிலக்கணம் இம்முடிச்சைப் பெரிதும் அவிழ்த்தது. குறியின் வடிவமே அதன் கால அளவைச் சொல்ல வேண்டும் என்பது அவர் கோட்பாடு. காம்புள்ள சதுரம் நெடில். காம்பற்ற சதுரம் குறில். சாய்சதுரம் அதனினும் சிறியது. பாடாது நிற்கும் மௌனத்திற்கும் அவர் அளவு குறித்தார்! நெடிலுள் மூன்று குறில்கள் அடங்கின் அது நிறைவு. இரண்டே அடங்கின் குறைவு. மூன்றின் நிறைவுக்குக் கிறித்தவ சமயத்தின் திரித்துவம் சான்றாயிற்று. ஒரு நெடில் நிறைவா, குறைவா என்பதை அண்டைக் குறியைப் பார்த்தே அறிய வேண்டியிருந்தமையால், முழுத் தெளிவு கிட்டிவிட்டது என்று கூறுதற்கில்லை.

1320ஆம் ஆண்டையொட்டிப் பிலிப் தெ வித்ரியின் பெயரோடு இணைந்த 'புதுக்கலை' தோன்றியது. இரண்டாகப் பகுப்பதும் மூன்றாகப் பகுப்பதும் சமமதிப்புப் பெற்றன. மூன்றுக்கு முழு வட்டமும், இரண்டுக்கு உடைந்த வட்டமும் அடையாளங்களாயின. இன்று நான்கு தட்டுத் தாளத்தைக் குறிக்கும் அடையாளத்தை ஆங்கில எழுத்தென்றே மாணவர் பலர் எண்ணுகின்றனர். அவ்வுடைந்த வட்டமே அது. 'மினிம்' என்னும் மிகச்சிறு குறியும் அக்காலத்தில் நிலைபெற்றது. இத்தகைய நுண்குறிகள் திருப்பாடல்களைத் துண்டாடுகின்றன என்று போப்பாண்டவர் 22ஆம் யோவான் 1324-25இல் கடிந்து ஆணையிட்டார். ஆணையால் புதுமை நின்றுவிடவில்லை.

சிறுகுறிகள் மேலும் மேலும் பிறக்கவே, பழைய குறிகள் மெல்ல மெல்ல நீண்டுபோயின. இலத்தீனில் 'குறில்' என்று பொருள்படும் 'பிரீவ்', இன்று ஆங்கிலேயர் முறையில் எட்டுக் குரோச்செட் நீளமுள்ள, அரிதாகவே காணப்படும் நெடுங்குறி. 'அரைக்குறில்' எனப் பொருள்தரும் செமிபிரீவ் நான்கு குரோச்செட் நீள்கின்றது. 'மிகச்சிறியது' என்று பெயர்பெற்ற மினிமுக்கோ இரண்டு.