கல்லும் களமும் – 17
கோப்பாயில் இரண்டு முறை இடித்த கல்லறைகள்

தண்டலம் தாண்டி, இருங்காட்டுக்கோட்டை கார் தொழிற்சாலையைக் கடந்து பெங்களூரு சாலையில் போகிறவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் நினைவிடம் தெரிந்திருக்கும். 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடம். கடலுக்கு அப்பால் நடந்த ஓர் உள்நாட்டுப் போர் நம் வட்டாரத்தில் விட்டுப்போன தடம் அது. காஞ்சிபுரம் பக்கம் திரும்பினால் புள்ளலூர். 1781 ஆகஸ்ட் 27 அன்று ஐதர் அலியின் படையோடு மோதி மாண்ட கம்பெனி அதிகாரிகள் ஜேம்ஸ் ஹிஸ்லாப், ஜார்ஜ் பிரவுன் இருவருக்கும் எழுப்பிய தூண்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. நாடு பிடிக்க வந்தவர்களின் தூண்களையே நாம் விட்டுவைத்திருக்கிறோம். இந்த வாரம் பார்க்கப்போவது, சொந்த ஊரில் புதைக்கப்பட்டவர்களின் கல்லறைகளை இரண்டு முறை இடித்த கதை.

இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணத்தை அடுத்த கோப்பாய். விடுதலைப் புலிகள் தங்கள் தரப்பில் இறந்தவர்களுக்கு அமைத்த மாவீரர் துயிலும் இல்லங்களில் பெயர்பெற்ற ஒன்று அங்கே இருந்தது. இயக்கத்தில் சண்டையில் முதலில் வீழ்ந்தவர் சங்கர் என்ற சத்தியநாதன். காயத்தோடு தமிழகத்துக்குக் கொண்டுவரப்பட்டு 1982 நவம்பர் 27 அன்று இங்கேயே உயிர்விட்டார். அந்த நாளையே 1989 முதல் மாவீரர் நாளாகக் கடைப்பிடித்தார்கள்.

தொடக்கத்தில் உடலைக் குடும்பத்திடம் கொடுப்பார்கள், அல்லது சைவ முறைப்படி எரிப்பார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் புதைக்கும் வழக்கம் வந்தது. தலைமுறை தலைமுறையாகச் சுடலையில் எரித்துப் பழகிய வேளாளர் வீடுகள் உட்பட எல்லோரும் பிள்ளையைப் புதைக்கச் சம்மதித்தது சின்ன மாற்றமில்லை. யாழ்ப்பாணத்தில் சுடலைகூடச் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்தது. துயிலும் இல்லத்தில் தளபதிக்கும் நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் ஒரே அளவுக் கல்லறை, ஒரே வரிசை. உடல் கிடைத்தால் கல்லறை, கிடைக்காவிட்டால் நடுகல். சங்க காலத்து நடுகல் மரபை இயக்கம் தெரிந்தேதான் கையில் எடுத்தது.

நவம்பர் 27 மாலை 6.05க்கு மணி ஒலிக்கும். 6.06க்கு அமைதி வணக்கம். 6.07க்குச் சுடர். தத்தம் பிள்ளையின் கல்லுக்கு முன்னால் தாய்மார் விளக்கேற்றுவார்கள். அந்த நேரத்தில் ஒலிக்கும் பாடலை எழுதியவர் புதுவை இரத்தினதுரை. சூட்டும் பூ கார்த்திகைப்பூ. நம் மாநில மலரான செங்காந்தளேதான்.

1995 இறுதியில் ‘ரிவிரெச’ நடவடிக்கையில் யாழ்ப்பாணம் இலங்கை இராணுவத்தின் கைக்குப் போனது. அதன்பின் கோப்பாய்க் கல்லறைகள் இடித்து நொறுக்கப்பட்டன. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு அதே இடத்தில் மீண்டும் கட்டினார்கள். பழைய கற்களின் சிதைவுகளை வெளியே எறியாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். 2009 மே மாதம் போர் முடிந்தது. மறுபடி புல்டோசர் வந்தது. ஏறத்தாழ 2,000 கல்லறைகளும் நடுகற்களும் இருந்த அந்த நிலத்தின் மேல் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் எழுந்து, 2011 மார்ச்சில் திறக்கப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் மற்ற துயிலும் இல்லங்களும் தப்பவில்லை. கிளிநொச்சியிலோ, பீரங்கிக் குண்டு துளைத்த கான்கிரீட் கட்டியின் மேல் தாமரை பூத்தாற்போல ஒரு வெற்றிச் சின்னம் நின்றது.

இதில் மறுபக்கமும் உண்டு. அதை மறைத்து எழுதுவது வரலாறாகாது. துயிலும் இல்லங்கள் அழுவதற்கான இடம் மட்டுமாக இருக்கவில்லை, ஆள் சேர்ப்பதற்கும் உதவின. அங்கே கிடந்தவர்களில் பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் இருந்தார்கள். 1986இல் புலிகள் வேட்டையாடிய, டெலோ என்ற மற்றோர் ஈழ இயக்கத்தின் இளைஞர்களுக்கும், 1990 ஜூனில் நம் கோடம்பாக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவுக்கும் அவர் தோழர்களுக்கும் அந்த வரிசையில் இடமில்லை. அவர்களும் தமிழீழம் கேட்டுப் புறப்பட்டவர்கள்தாம்.

ஆனால் இதைக் காரணம் காட்டிப் பிணக்குழியைத் தோண்ட எந்த அரசுக்கும் உரிமை கிடையாது. இறந்தவர்களின் கல்லறைகளை மதித்துப் பேணவேண்டும் என்ற போர் வழக்காறு உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும் என்பது செஞ்சிலுவைச் சங்கத்தின் நிலை. இலங்கைக்கு இது வெளியிலிருந்து வந்த பாடமும் அல்ல. தமிழ் மன்னன் எல்லாளனைக் கொன்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு, அவன் வீழ்ந்த இடத்தில் நினைவுச்சின்னம் எழுப்பியதாகவும், பின்வந்த இலங்கை அரசர்களும் அவ்விடத்தை நெருங்கும்போது வாத்தியத்தை நிறுத்தியதாகவும் மகாவம்சம் சொல்கிறது. சிங்கள அரசியல் தலையில் வைத்துக் கொண்டாடும் அதே மகாவம்சம்தான்.

அமெரிக்கா ஒரு வழி கண்டது. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. தோற்ற தெற்குப் படையினருக்கு ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் தனிப்பகுதி ஒதுக்க 1900இல் நாடாளுமன்றம் அனுமதித்தது. அங்கே 482 பேர் அடக்கம். கற்களின் உச்சி கூராக இருக்கும். அடிமை முறையை மினுக்கிக் காட்டிய நினைவுச்சின்னம் ஒன்றை 1914இல் அங்கே நிறுவினார்கள். 2023 டிசம்பரில் அதைப் பெயர்த்தெடுத்தபோது கல்லறைகளில் கைவைக்கவில்லை. அரசியலை அகற்றலாம், புதைத்தவரைத் தொடக்கூடாது என்ற அந்தக் கோடு எனக்குச் சரியாகப் படுகிறது.

இலங்கையில், 2016 நவம்பரில் கிளிநொச்சி கனகபுரம் துயிலும் இல்லத்தில் மக்கள் புதர் வெட்டி, உடைந்த கற்களைக் கூட்டிக் குவித்து, போருக்குப் பின் அங்கே முதல்முறையாகப் பெருந்திரளாக விளக்கேற்றினார்கள். கொழும்பில் ஆட்சி மாறும்போதெல்லாம் கெடுபிடியும் மாறியது. 2020இல் நீதிமன்றத் தடைகள் வந்தன. 2024இல் அநுர குமார திசாநாயக்கவின் அரசு, இறந்த உறவுகளை நினைவுகூரத் தடையில்லை, புலிச் சின்னங்களுக்கு மட்டுமே தடை என்றது.

அநுரவின் கட்சியான ஜே.வி.பி.யும் 1971லும் 1987–89லும் அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியது. அதன் தலைவர் ரோகண விஜேவீர 1989 நவம்பர் 13 அன்று கொல்லப்பட்டார். ஆண்டுதோறும் அந்த நாளில் கட்சி தன் மாவீரர்களுக்கு வெளிப்படையாக அஞ்சலி செலுத்துகிறது. தோற்ற கிளர்ச்சியில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் துக்கம் அக்கட்சிக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விளக்கேற்ற அனுமதித்தது பாதி வேலைதான். படைமுகாம்கள் ஏறி உட்கார்ந்த துயிலும் இல்ல நிலங்களைக் குடும்பங்களிடம் திருப்பிக் கொடுப்பது மீதிப் பாதி. அதை அநுர அரசு தட்டிக்கழிக்கக் கூடாது.

(தொடரும்)