கேம்பிரிட்ஜில் பிறந்த வி.என்.சி.

ஒரு கணினியை வேறொரு மேசையிலிருந்து பார்த்து இயக்க உதவும் வி.என்.சி., இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஒலிவெட்டி ஆய்வகத்தில் 1990களில் உருவானது. பேனாவால் இயங்கும் வீடியோடைல் என்ற தட்டைத் திரையை அங்கே முன்பே செய்திருந்தார்கள். வலையமைப்பு வழியே வரும் படத்தைக் காட்டுவதே அதன் வேலை. அதை மென்பொருளாகவே எழுதியதில் பிறந்தது வி.என்.சி.

அதன் நெறிமுறையின் எளிமை இன்றும் வியக்க வைக்கிறது. திரையில் குறித்த இடத்தில் ஒரு செவ்வகப் படத்தை வரை என்பதே அடிப்படைக் கட்டளை. மாறிய பகுதி மட்டும், அதுவும் பார்க்கும் முனை கேட்ட பிறகே, அனுப்பப்படும். எதிர்த்திசையில் விசையழுத்தங்களும் சுட்டியின் அசைவுகளும் செல்லும். இதனால் யூனிக்ஸ் கணினியிலிருந்து விண்டோஸையும், விண்டோஸிலிருந்து யூனிக்ஸையும் இயக்க முடிந்தது. பார்க்கும் முனை எதையும் நினைவில் வைப்பதில்லை; இணைப்பைத் துண்டித்து வேறு அறைக்குப் போனாலும், பாதியில் விட்ட வாக்கியத்தை அங்கேயே தொடரலாம்.

பாதுகாப்புதான் பலவீனம். கடவுச்சொல்லில் முதல் எட்டு எழுத்துகளே கணக்கில் வந்தன. திரைப் படங்கள் மறையாக்கம் இன்றிச் சென்றன. நம்பகமான உள் வலையமைப்பில் இது பொறுத்துக்கொள்ளக் கூடியது, திறந்த இணையத்தில் ஆபத்தானது.

1998இல் மூல நிரல் கட்டற்ற உரிமத்தில் வெளியானது. 1999இல் ஏடி&டி நிறுவனம் அந்த ஆய்வகத்தை வாங்கி, 2002இல் மூடியது. உருவாக்கியவர்களில் சிலர் அதே ஆண்டு ரியல்வி.என்.சி. நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நெறிமுறை 2011இல் ஆர்.எஃப்.சி. 6143 ஆவணமாகப் பதிப்பிக்கப்பட்டது.