உண்டியல் திரும்பினால்

அந்தக் காலத்தில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போன வியாபாரி அத்தனை ரூபாயையும் மடியில் கட்டிக்கொண்டு தோணி ஏற வேண்டியதில்லை. உண்டியல் என்ற பணச்சீட்டு போதும். இங்கே வாங்கிய சீட்டை அங்கே செட்டியார் தெருக் கிட்டங்கியில் நீட்டினால் ரொக்கம். தவணை உண்டியலென்றால் மீதி நாளுக்கு வட்டியைப் பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள்.

பணம் கொடுபடாமல் உண்டியல் திரும்பினால் பேர் கெட்டது. 1925இல் கொழும்பில் ஒரு பெரிய செட்டியார் கடை முறிந்ததும், அந்நிய பாங்குகள் ஒழுங்காகக் கட்டிய மற்ற செட்டியார்களுக்கும் கடனை இறுக்கின. இது என்ன நியாயமோ!

1921இல் எங்கள் தூத்துக்குடியில் பிறந்த நாடார் பாங்கும் 1937இல் அதே கொழும்பில் கிளை திறந்தது, 1939இல் மூடியது. 1962இல் பெயர் மாறி தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்க் ஆனது.

பேர் கெடும் பயம் மட்டும் இன்றும் உண்டு. கப்பலுக்குப் போகும் எங்கள் பையன்கள் பணம் எடுக்க சிங்கப்பூர் ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் செருகுகிறார்கள். நான் ரிட்டயரான பாங்க்காரன் என்பதால், "அண்ணாச்சி, சிபில் ஸ்கோர் குறையுமா?" என்று கேட்பார்கள்.

பணம் எடுத்த ஒரே காரணத்துக்காக அந்தக் கடன் மதிப்பெண் குறையாது. ஆனால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ரொக்கக் கட்டணம், அந்நியச் செலாவணிப் பிடித்தம் வேறு. பாக்கி ஏறி கார்டு வரம்பில் பெரும்பங்கைத் தின்றால் ஸ்கோர் இறங்கும். நடுக்கடலில் தவணை தவறினாலோ, அது சிபில் அறிக்கையின் 36 மாதக் கட்டங்களில் பதிந்துவிடும். சம்பளக் கணக்கிலிருந்து தானாகக் கழிய எழுதிக்கொடுத்துவிட்டுக் கப்பலேறு என்பேன்.