கோப்பை ஜெயிச்ச கிளப் எங்கே போச்சு?

1/
ரெண்டு வாரம் முன்னாடி ஓ.பி.யில ஒரு பதினேழு வயசுப் பையன். தூத்தூர் பக்கம். மணல்ல பந்து களிக்கும்போது முழங்கால் திருகி 'டக்'னு சத்தம் கேட்டிருக்கு. எம்.ஆர்.ஐ. எடுத்தா ஏ.சி.எல். கிழிஞ்சிருக்கு. அப்பா ஆழ்கடல் தொழிலுக்குப் போறவர். "ஆபரேஷன் செய்தா பய திரும்பப் பந்து களிப்பானா சார்?"

2/
களிப்பான், ஆனா குறைஞ்சது ஒன்பது மாசம் பொறுக்கணும்னு சொன்னேன். அடுத்த கேள்வி பையன்கிட்ட இருந்து: "சென்னை சிட்டி இப்பவும் உண்டா சார்?" சட்டுனு பதில் வரல எனக்கு. அந்தப் பதில்தான் இந்த இழை.

3/
சென்னை சிட்டி எஃப்.சி., 1946-ல தொடங்கின கிளப். பல காலம் சென்னைக்கு வெளியே பெரிசா யாருக்கும் தெரியாது. 2016 டிசம்பர்ல ஐ-லீக்ல நேரடி இடம் கிடைச்சுது. முதல் ரெண்டு சீசனும் பட்டியலோட கீழ்ப்பாதிதான்.

4/
அந்த ரெண்டு சீசன்லயும் ஆடினவர் நம்ம இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ். நீரோடியில இருந்து இரையுமன்துறை வரை உள்ள கடற்கரை ஊர்கள் மாநில அணிக்கு வருஷக்கணக்கா ஆள் அனுப்புது. அண்ணன் ரெஜினும் பந்துக்காரர்தான்.

5/
தேதியைக் கவனிங்க. ரெண்டாவது சீசன் தொடங்கினது 2017 நவம்பர் 25. அஞ்சே நாள்ல, நவம்பர் 30, ஒக்கி. அதே ஊர்களில் கடலுக்குப் போனவங்க எத்தனையோ பேர் திரும்பவே இல்ல. அப்போ ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த எங்களுக்கு அந்த வாரம் மறக்காது.

6/
2018-ல சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்குப் போயிட்டார். சென்னை சிட்டிக்கு சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளரா வந்தார். பெட்ரோ மான்சி, சாண்ட்ரோ, நெஸ்டர், எஸ்லாவானு ஸ்பெயின்ல இருந்து ஆட்கள் வந்தாங்க. பேருதான் சென்னை. ஆடினது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துல!

7/
2019 மார்ச் 9, கடைசி நாள். எதிரணி நடப்புச் சாம்பியன் மினர்வா பஞ்சாப். தொடக்கத்திலேயே மினர்வா கோல் போட்டுட்டாங்க. அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிட்டிருக்கு. அவங்க ஜெயிச்சு நாம தோத்தா கோப்பை அவங்களுக்கு.

8/
ரெண்டாவது பாதியில மான்சி பெனால்டியில சமன் பண்ணினார். அப்புறம் அசாம்காரர் கௌரவ் போரா ரெண்டு கோல். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயிச்சுது. ஆனாலும் நமக்கு 43 புள்ளி, அவங்களுக்கு 42. ஐ-லீக் ஜெயிச்ச முதல் தமிழ்நாட்டு அணி.

9/
அந்த வருஷமே சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கினது. 2020 மார்ச்ல ஆசிய அளவிலான ஏ.எஃப்.சி. கோப்பை, மாலத்தீவின் மாசியா கூட 2-2. அதோட கொரோனா வந்து போட்டியே ரத்து. 2020-21 சீசன் முழுக்க வங்காளத்துல நடந்துது. சென்னை சிட்டி ஆடின கடைசி ஐ-லீக் அதுதான். கோப்பைக்கும் இதுக்கும் இடையில ரெண்டே வருஷம்.

10/
இன்னொரு கிளப் கதை சொல்றேன், காரணம் புரியும். ருமேனியாவின் மலைப்பக்கம் சீக்செரெடானு ஒரு சின்ன ஊர். பேசுறது ஹங்கேரிய மொழி. எல்லை மாறி 1920-ல ருமேனியாவுக்குள்ள வந்தது. நம்ம மாவட்டமும் 1956-ல மாநிலம் மாறினதுதானே. நாம நம்ம மொழியோட சேர்ந்தோம், அவங்க பிரிஞ்சாங்க.

11/
1929-ல அங்கே ஒரு ஐஸ் ஹாக்கி கிளப் தொடங்கினாங்க. 1949-ல ருமேனிய சாம்பியன். அப்புறம் பல காலம் தலைநகரத்து ராணுவ அணி ஸ்டெவாதான் கோப்பைகளை அள்ளிச்சு. இவங்க கிளப்பை மூடல. இன்னைக்கும் ஆடுறாங்க. அரங்கத்துக்கு அந்த ஊர் வீரர் வாகார் லாயோஷ் பேரு.

12/
என் கணிப்பு இதுதான், தப்பா இருக்கலாம். சீக்செரெடாவுல தோத்தாலும் அது நம்ம டீம்னு சொல்ல ஒரு ஊர் இருந்துது. சென்னை சிட்டிக்கு சென்னை பேருல மட்டும், கோயம்புத்தூர் வாடகை வீடு மாதிரி, ஆள் தந்த கடற்கரைக்கு அதுல பங்கே கிடையாது. ஊர் இல்லாத கிளப் பணம் நின்னதும் நின்னு போகும்.

13/
சூசைராஜ் 2019-ல இந்திய அணிக்கு ஆடினார், 2020-ல ஏ.டி.கே.யோட ஐ.எஸ்.எல். கோப்பையும். 2020 நவம்பர் 20, அடுத்த சீசனோட முதல் ஆட்டத்துலயே முழங்கால் காயம், அந்த சீசனே போச்சு. இவ்வளவு தூரம் போனவருக்கே இதுன்னா, பின்னால கிளப்போ ஃபிசியோவோ இல்லாத கடற்கரைப் பயலோட முழங்காலுக்கு யார் பொறுப்பு?

14/
அதனால மக்களே: விளையாடும்போது முழங்கால்ல சத்தம் கேட்டு, சில மணி நேரத்துல வீங்கினா அழுத்தித் தடவாதீங்க. ஐஸ் வையுங்க, ஊன்றி நடக்காதீங்க, எலும்பு டாக்டரைப் பாருங்க. ஆபரேஷனை விட பிறகு செய்யுற பயிற்சிதான் பெரிய வேலை. பாதியில விட்டா திரும்பவும் கிழியும்.

15/
பையனுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். சென்னை சிட்டி பத்தி உண்மையைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். பிறகு, "பரவால்ல சார், எங்க ஊர் கிளப் உண்டு" என்றான்.